பாரில் வாசிக்கப் போகும் இசைக்குழுக்காரர்களே, எங்கள் 48,000 ரூபாய் போன கதை இது

வயிறு எரிகிறது, கொஞ்சம் காரமாகத்தான் எழுதுவேன். மதுரை நகருக்கு நடுவே, வார இறுதியில் 'லைவ் மியூசிக்' போடுகிற ஒரு ஸ்டார் ஓட்டல் பார். பெயர் இங்கே வேண்டாம். எங்களுக்குத் தரவேண்டிய 48,000 ரூபாய் இனி வராது என்று நேற்று பில் போட்டே அனுப்பிவிட்டார்கள்.

நாங்கள் பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்து ஆட்கள். கோயில் கொடை, மாதா கோயில் திருவிழா, கந்தூரி, கல்யாணம் என்று வாசிக்கிற சின்னக் குழு. ரிதம் பேட் வாசிக்கிறவனும் பாடுகிறவனும் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில்தான் கிடக்கும். அந்த நேரத்தில் வந்த வாய்ப்பு.

மேனேஜர் நன்றாகப் பேசுவார். "அண்ணே, எங்க அம்மாவுக்குச் சொந்த ஊரு மண்டபம்தான். நம்ம ஊரு ஆளுங்களுக்கு நான் செய்யாம யாரு செய்வா?" முதல் நிகழ்ச்சி முடிந்து கீபோர்டு ஸ்டாண்டை மடிப்பதற்குள் ஜிபேயில் பணம் விழுந்தது. மேடை ஓரத்திலேயே நின்று "வந்துச்சா பாருங்கண்ணே" என்றார். விழாக் கமிட்டிகளிடம் பாக்கிக்கு அலைந்தே பழகியவர்களுக்கு அது போதாதா? அடுத்த முறை அவர் அம்மாவுக்கென்று நெத்திலிக் கருவாடு கட்டிக்கொண்டு போனோம். அதையும் வாங்கிக்கொண்டார். அன்றைக்குத்தான், "கணக்கு எழுத ஈசியா இருக்கும்ணே, இனி மாசக் கடைசியில மொத்தமா போட்டுடுறோம்" என்றார். சரி என்றோம். வேன் வாடகை, ராத்திரிச் சாப்பாடு எல்லாம் எங்கள் கைக்காசு. கூட்டத்துக்குக் குறைவில்லை, எண்பதுகளின் பாட்டை எடுத்தாலே மொத்த பாரும் கூடப் பாடும்.

மாசக் கடைசி வந்தது. "மே 1 டிரை டே, அந்த வாரம் வியாபாரம் படுத்துடுச்சு." அப்புறம் ஆடிட்டர் ஊரில் இல்லை. அப்புறம் ஓனர் கையெழுத்து. அப்புறம் போனையே எடுக்கவில்லை. நேரில் போனால், எங்கள் ஸ்பீக்கரைத் தூக்கக் கை கொடுத்த அதே பவுன்சர் "டேபிள் புக்கிங் இருக்கா சார்?" என்கிறான். காவல் நிலையத்தில், "இது சிவில் மேட்டர், வக்கீலைப் பாருங்க."

நேற்று வந்த பில்லைக் கேளுங்கள். 48,000-க்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி என்று 8,640 கழிவு. பாட்டு உரிமைக் கட்டணம் என்று ஒரு கழிவு. சவுண்ட் சிஸ்டம் வாடகை. உடைந்த கண்ணாடி டம்ளர்கள், யார் உடைத்தது என்பது கடவுளுக்கே வெளிச்சம். கூட்டிக் கழித்தால் நாங்கள்தான் அவர்களுக்கு பாக்கியாம்! வருஷத்துக்கு 20 லட்சத்துக்குள் சம்பாதிக்கிற எங்களைப் போன்ற குழுவுக்கு ஜிஎஸ்டி பதிவே தேவையில்லை, பிறகு எங்களிடம் எந்த ஜிஎஸ்டியைப் பிடிக்கிறார்கள்? சினிமாப் பாட்டைப் பொது இடத்தில் வாசிக்க, பாட்டு உரிமைக் காசை வசூலிக்கிற ஐபிஆர்எஸ் அமைப்பிடம் உரிமம் எடுக்கவேண்டியது இடத்தை நடத்துகிறவர், இல்லையென்றால் நிகழ்ச்சியை ஏற்பாடு செய்கிறவர். ஊற்றிக் கொடுத்துக் காசு பார்க்கிறது அவர்கள், உரிமக் காசு எங்கள் தலையிலா?

தடைக்கால நிவாரணமே குடும்பத்துக்கு 8,000 ரூபாய்தான். 48,000 என்றால் ஆறு குடும்பத்து நிவாரணம். பேட் வாசிக்கிற தம்பி என் முகத்தைப் பார்த்துப் பேசுவதையே விட்டுவிட்டான்.

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது மனசு ஓடவில்லை. பாதிப் பணம் கைக்கு வராமல் வேனில் ஏறாதீர்கள். தொகை, தேதி, உரிமம் யார் பொறுப்பு என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். 'மாசக் கடைசியில் மொத்தமா' என்றால் அன்றைக்கே மூட்டையைக் கட்டுங்கள். அதே மேனேஜர் இப்போது தேவிபட்டினம், தொண்டி பக்கம் வேறு குழு தேடுகிறாராம். அந்தப் பக்கத்துப் பையன்கள் யாராவது இதைப் படித்தால், ஒத்துக்கொள்வதற்கு முன் எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்புங்கள், எந்த பார் என்று சொல்கிறேன்.