பட்டகோனியா: தையலைப் பிரித்துப் பார்த்தால்

"லாபத்தில் ஒரு பங்கு இயற்கைக்கு" என்று சொல்லும் நிறுவனமும் "விற்பனையில் ஒரு பங்கு" என்று சொல்லும் நிறுவனமும் ஒன்றல்ல. லாபத்தைக் கணக்கில் சுருக்கிக் காட்டலாம், விற்பனையைச் சுருக்குவது கடினம். கலிஃபோர்னியாவின் வென்சுராவில் 1973ல் தொடங்கிய மலையேற்ற உடுப்பு நிறுவனமான பட்டகோனியா 1985லிருந்து ஒதுக்கிவருவது விற்பனையில் 1 சதவீதம். 2022ல் நிறுவனர் ஈவோன் ஷுயினார் குடும்பத்தின் பங்குகள் முழுவதும் கைமாறின. வாக்குரிமை உள்ள 2 சதவீதம் ஓர் அறக்கட்டளைக்கும், வாக்குரிமை இல்லாத 98 சதவீதம் சூழல் பணிக்கான ஓர் அமைப்புக்கும் போயின. நன்கொடைக் கணக்கில் குறை சொல்ல அதிகமில்லை. ஆனால் ஒரு ஜாக்கெட் நல்லதா கெட்டதா என்பதை நன்கொடை தீர்மானிப்பதில்லை. அது எங்கே நூற்கப்பட்டது, எதில் முக்கி எடுக்கப்பட்டது, கிழிந்தால் யார் தைப்பார்கள் என்பதே தீர்மானிக்கிறது.

நூற்பாலையிலிருந்து தொடங்குவோம். ஆயத்த ஆடைத் தொழிலில் தணிக்கை என்றாலே தைக்கும் கூடத்தோடு நின்றுவிடும் வழக்கம் உண்டு. கோளாறு பெரும்பாலும் அதற்குப் பின்னால், நூலிலும் நெசவிலும் சாயத்திலும் இருக்கும். நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நொய்யல் நாறியதற்குக் காரணம் திருப்பூரின் தையல் எந்திரங்கள் அல்ல, சாயப்பட்டறைகள். 2011ல் சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னதும் அவற்றைத்தான். சுமங்கலித் திட்டம் என்ற பெயரில், சில ஆண்டு வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை கிடைக்கும் என்று நம்பி இளம்பெண்கள் சிக்கியதும் நூற்பாலைகளில்.

ஏறக்குறைய அதே நேரத்தில் பட்டகோனியா தன் துணி ஆலைகளைத் தணிக்கை செய்தது. தைவானில் வேலை செய்த வியட்நாம், தாய்லாந்து, இந்தோனேசிய, பிலிப்பைன்ஸ் தொழிலாளர்கள் வேலை வாங்கித் தந்த தரகர்களுக்கு 7,000 டாலர் வரை கட்டியிருந்தது தெரிய வந்தது. கடன் தீரும்வரை வேலையை விட்டுப் போக முடியாது, அதாவது கொத்தடிமை. நிறுவனம் 2014ல் ஒரு விதிமுறை வகுத்தது. 2015 ஜூனுக்குப் பின் சேரும் எவரிடமும் தரகுக் கட்டணம் வாங்கக் கூடாது, கடவுச்சீட்டைப் பிடித்து வைக்கக் கூடாது என்றது அது. இதைத் தானே வெளியிலும் சொன்னது. எங்கள் மதிப்பீட்டில் அந்த நிறுவனத்துக்கு அதிக மதிப்பெண் பெற்றுத் தருவது இதுதான், உடுப்பில் தொங்கும், இலைப்படம் போட்ட 'பசுமை' சீட்டுகள் அல்ல. வாழத் தகுந்த கூலி என்ற இலக்கை எல்லாத் தையல் கூடங்களும் இன்னும் எட்டவில்லை. அந்தக் குறை நிற்கிறது.

அடுத்து ரசாயனம். மழை ஜாக்கெட்டின் வெளித்துணியில் தண்ணீர் முத்து முத்தாக உருளக் காரணம் அதன்மேல் ஏற்றிய பூச்சு. நெடுங்காலம் அது ஃப்ளோரின் சேர்மம். மண்ணிலும் ரத்தத்திலும் சிதையாமல் தங்கிவிடும் வகை. 2025 முதல் புதிதாகத் தயாரிப்பவற்றில் அதைக் கைவிட்டிருக்கிறார்கள். நல்ல மாற்றம்தான், ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. பழைய பூச்சு தண்ணீரோடு எண்ணெயையும் தள்ளியது. புதியது தண்ணீரை மட்டுமே தள்ளும். கழுத்துப் பட்டையிலும் மணிக்கட்டிலும் வியர்வை எண்ணெய் ஏறினால் அந்த இடம் நனைந்து கனக்கும். உடனே "லீக் ஆகிறது" என்பார்கள். பெரும்பாலும் அது லீக் அல்ல. வெளித்துணி நனைந்தால் உள்ளிருக்கும் வியர்வை ஆவி வெளியேற வழியின்றித் தண்ணீராகப் படிகிறது.

அதற்குத் தீர்வு சலவை. ஜிப், ஒட்டுப்பட்டை எல்லாவற்றையும் மூடி, 30 டிகிரியில், ஜாக்கெட்டுக்கான திரவ சோப்பில் துவைக்க வேண்டும். சோப்பு மிச்சமிருந்தால் அதுவே தண்ணீரை இழுக்கும் என்பதால் இரண்டு முறை அலசவும். கம்ஃபர்ட் போன்ற மென்மையாக்கி கூடவே கூடாது. பிறகு டிரையரில் குறைந்த சூட்டில் 20 நிமிடம். டிரையர் இல்லையென்றால் மேலே ஒரு பருத்தித் துணி விரித்து, மிதமான சூட்டில் நீராவி இல்லாமல் இஸ்திரி போடலாம். பூச்சு மறுபடி நிமிர்வது இந்தச் சூட்டில்தான். தண்ணீர் தெளித்துப் பார்த்து அப்போதும் உருளாவிட்டால் மட்டும் புதுப் பூச்சு வாங்குங்கள். ஈரத்தோடு மடித்துப் பீரோவில் வைத்துவிட்டால் கடலோர ஊர்களில் உள்பூச்சு ஈரத்தால் சிதைந்து, வெங்காயத் தோல் போல உரியும். அதைச் சரிசெய்ய முடியாது.

ஃப்ளீஸ் எனும், கம்பளி போன்ற மெத்தென்ற செயற்கைத் துணியில் கதை வேறு. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி ஃப்ளீஸ் செய்ததில் 1993லேயே முன்னோடி இவர்கள். ஆனால் பாட்டிலிலிருந்து வந்தாலும் அது பாலியஸ்டர்தான், துவைக்கத் துவைக்க நுண்ணிழை உதிரும். இவர்களே பணம் கொடுத்துச் செய்வித்த சான்டா பார்பரா பல்கலைக்கழக ஆய்வு 2016ல் அதை உறுதிப்படுத்தியது. மேலே திறக்கும் எந்திரத்தில் உதிர்ந்தது முன்பக்கம் திறக்கும் எந்திரத்தைவிட சுமார் 7 மடங்கு. தனக்கே பாதகமான முடிவை மறைக்காதது நேர்மை. ஆனாலும் ஃப்ளீஸ் இன்றும் கடை நிறையத் தொங்குகிறது. வாங்கியவர்கள் முன்பக்க எந்திரத்தில், குளிர்ந்த நீரில், நாற்றம் வந்தால் மட்டும் துவைப்பது நல்லது.

பழுதுபார்ப்பு இவர்களின் பெரிய பலம். நெவாடாவின் ரீனோவில் பெரிய பட்டறையே வைத்திருக்கிறார்கள். இந்தியாவிலிருந்து வாங்குபவருக்கு அந்தப் பழுதுபார்ப்பு வசதி பாதிதான் பயன்படும். அனுப்பும் செலவும் சுங்கத் தொல்லையும் மீதியைத் தின்றுவிடும். ஜிப் விரிந்துகொண்டால் பெரும்பாலும் ரன்னர், அதாவது பற்களின் மேல் ஓடி மூடித் திறக்கும் துண்டு, தேய்ந்திருக்கும், பல் அல்ல. பையும் சூட்கேஸும் சரிசெய்யும் கடையில் அதே அளவு எண் உள்ள ரன்னர் மாற்றினால் போதும். கிழிசலை மட்டும் டெய்லரிடம் கொடுக்காதீர்கள். ஊசித் துளை ஒவ்வொன்றும் ஒழுகும். ஸ்பிரிட்டால் துடைத்து, கிழிசலைவிட எல்லாப் பக்கமும் 1 செ.மீ. பெரிதாக, மூலைகளை வட்டமாக வெட்டிய ஒட்டுத்துண்டை ஒட்டி, ஒரு நாள் கனம் வைத்து அழுத்துங்கள். மூலை கூராக இருந்தால் அங்கிருந்துதான் பிரியும்.

2011ல் நியூயார்க் டைம்ஸில் "இந்த ஜாக்கெட்டை வாங்காதீர்கள்" என்று விளம்பரம் கொடுத்தார்கள். ஒன்றைத் தயாரிக்க 135 லிட்டர் தண்ணீர் என்ற கணக்கும் அதில் இருந்தது. அதன்பின் விற்பனை ஏறியது. ஆகவே கையில் உருப்படியான ஜாக்கெட் இருப்பவருக்கு எங்கள் பரிந்துரை ஒரு பாட்டில் சலவைத் திரவமும் ஒரு ரன்னரும். எதுவுமே இல்லாதவர், விலை கட்டுப்படியானால், இவர்களுடையதையே வாங்கலாம். ஃப்ளீஸ் அல்ல, மழை ஜாக்கெட்.