பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) எலித் தீவனம் வாங்குகிறவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள்

இந்தப் பதிவு எலி, ஹாம்ஸ்டர் மாதிரிச் சின்னப் பிராணி வளர்க்கிறவர்களுக்கு. மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம், கோபம் இல்லை. என் அப்பாவே சிரித்தார். தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர். அதில் பல வருடம் செம்பனை (எண்ணெய்ப்பனை) மரத்தடியில் எலி மருந்து வைத்தவர். அவர் பேத்தி எலியைக் கூண்டில் வைத்துக் கொஞ்சினால் சிரிக்காமல் என்ன செய்வார்?

நாங்கள் இருப்பது மலேசியாவில், சிலாங்கூரில் இருக்கும் பத்தாங் பெர்ஜுந்தை. பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று மாறி வருடக்கணக்காகிவிட்டது, அப்பா வயதுக்காரர்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். பூனைக்கும் மீனுக்கும் தீவனம் மளிகைக்கடையிலேயே கிடைக்கும். எலிக்கு எங்கே போவது? பாசார் மாலாமுக்கு வேனில் வந்து கடை போடும் ஒருவரிடம்தான் வாங்கினோம். அவர் பெயரையோ வேன் எண்ணையோ இங்கே எழுதப் போவதில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும்.

எலிகளையும் அவரிடம்தான் வாங்கினோம். இரண்டு பெண் எலி, ஒன்று 25 வெள்ளி (ரிங்கிட்). ஒன்று பழுப்பு, ஒன்று வெண்ணெய் நிறம். மகள் மைலோ, ஹார்லிக்ஸ் என்று பெயர் வைத்தாள். கூடவே ஒரு கிலோ தீவனம், 26 வெள்ளி. கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் பை. அதன் மேல் எலிப் படம் போட்ட ஸ்டிக்கர், 'மக்கானான் செய்ம்பாங்' என்று பெரிய எழுத்து. சமச்சீர் உணவாம். யார் தயாரித்தது, என்ன தேதி, புரதம் எவ்வளவு என்று ஒரு வரி கிடையாது. அன்றைக்கு அதெல்லாம் என் கண்ணில் படவில்லை, அதுவும் உண்மை.

"அண்ணே, இதுல எல்லாமே இருக்கு. காய்கறி, முட்டைன்னு வேற எதுவும் போட்டுடாதீங்க, வயிறு கெட்டுடும். அப்புறம் எலி செத்துப்போச்சுன்னு என்கிட்ட வராதீங்க" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

பைக்குள் பார்க்க அழகாகத்தான் இருந்தது. சூரியகாந்தி விதை, நிலக்கடலை, சோளம், தினை, சிவப்பும் மஞ்சளுமாகச் சின்ன பிஸ்கட், பச்சை நிறத்தில் உருளை உருளையாகக் கட்டிகள். தீபாவளி மிக்சர் மாதிரி. ஒரு கிண்ணம் நிறையப் போடுவோம். மறுநாள் காலையில் அடியில் பச்சைக் கட்டியும் தினையும் கிடக்கும். நமுத்துப் போயிருக்கும் என்று மகள் அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் போடுவாள். நல்ல பிள்ளை, சுத்தமாக வைத்திருக்கிறாள் என்று நானும் பாராட்டினேன்.

ஐந்து மாதம் இப்படிப் போனது. ஹார்லிக்ஸ் உருண்டு திரண்டு மாவுத் தராசில் 430 கிராம் காட்டியது. மைலோ 240ஐத் தாண்டவில்லை. முடி கரடுமுரடாகி, முதுகில் அங்கங்கே உதிர்ந்து, கண்ணோரம் சிவப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. ரத்தம் என்று மகள் அழுதாள். (ரத்தம் இல்லை. எலியின் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் சுரப்பியில் வரும் சிவப்பு நிறமி. நோயோ மன அழுத்தமோ இருந்தால் அதிகம் கசியும்.) ஒரே கூண்டு, ஒரே கிண்ணம். ஒன்று ஏன் ஊதுகிறது, ஒன்று ஏன் வற்றுகிறது என்று எங்களுக்குப் புரியவில்லை. வியாபாரியிடம் கேட்டதற்கு, "அது ரகம் அண்ணே, சிலது அப்படித்தான்" என்றார். இன்னொரு பையும் விற்றார்.

அப்புறம் ஒரு நாள் ஹார்லிக்ஸின் முன்னங்காலுக்குப் பின்னால் கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. அதே வாரம் மைலோ மூச்சுவிடும்போது க்ளிக் க்ளிக் என்று சத்தம். எங்கள் பக்கத்தில் எலி பார்க்கும் டாக்டர் இல்லை. ஷா ஆலம் வரை போனோம். முயல், எலி, ஆமை எல்லாம் பார்க்கும் சீன டாக்டரம்மா. எலியைத் தொடுவதற்கு முன்பே அவர் கேட்ட கேள்வி: தினமும் கிண்ணத்தில் என்ன மிச்சம் இருக்கிறது?

சொன்னேன். தீவனப் பையையும் காட்டினேன். பச்சைக் கட்டியை எடுத்து விரலால் நசுக்கி முகர்ந்தார். முயல் தீவனம் என்றார். புல்லை அரைத்துச் செய்வது. நார்ச்சத்து நிறைய, எலிக்கு வேண்டிய அளவு புரதம் இல்லை. மீதி கிளிக்கும் ஹாம்ஸ்டருக்கும் போடும் தானியக் கலவை. எலிக்கென்று அந்தப் பையில் இருந்தது ஸ்டிக்கர் மட்டும்தான்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். சூரியகாந்திப் பருப்பில் கிட்டத்தட்டப் பாதி கொழுப்பு, நிலக்கடலையிலும் அப்படியே. வளர்ந்த எலிக்கு உணவில் 14 முதல் 16 விழுக்காடு வரை புரதமும், நாலைந்து விழுக்காடு கொழுப்பும் போதும். பையை மொத்தமாகக் கணக்குப் பார்த்தால் ஓரளவு சரியாகக்கூட வரலாம். ஆனால் எலி மொத்தத்தையும் தின்றால்தானே? மிக்சரில் நான் முந்திரியைப் பொறுக்குகிற மாதிரி அதுவும் பொறுக்கும். இரண்டு எலி இருந்தால் பலசாலி விதையையும் கடலையையும் முதலில் முடித்துவிடும், மற்றதற்கு அடி மண்டிதான். எங்கள் வீட்டில் நடந்தது அதேதான். ஹார்லிக்ஸ் ஐந்து மாதம் கொழுப்பாகத் தின்றது. மைலோ முயல் தீவனமும் தினையும் தின்று வயிற்றைக் கழுவியது.

ஹார்லிக்ஸுக்கு வந்த கட்டி பால்சுரப்பித் திசுவில் வருவது. எலிக்கு அந்தத் திசு கழுத்திலிருந்து தொடை இடுக்கு வரை பரவியிருப்பதால் எங்கே வேண்டுமானாலும் தட்டுப்படுமாம். பெண் எலிகளுக்குச் சாதாரணமாகவே அதிகம் வரும், பெரும்பாலும் ஆபத்தில்லாத வகை. தீவனத்தால்தான் வந்தது என்று டாக்டர் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். உடல் பருத்தால் வாய்ப்பு கூடும் என்றார், அவ்வளவே. மைலோவுக்கு நெஞ்சுச் சளி. அதற்குக் காரணமான கிருமி வளர்ப்பு எலிகளில் பெரும்பாலானவற்றில் முன்பே இருக்கும். உடம்பு நோஞ்சானானால் தலைதூக்கும். மருந்து கொடுத்தோம். ஒன்பதாம் நாள் மைலோ செத்துப்போனது. எங்கள் தாமான் (குடியிருப்பு) வேலியோரம் மகளும் அப்பாவும் சேர்ந்து குழி தோண்டினார்கள்.

ஹார்லிக்ஸுக்கு அறுவை சிகிச்சை. எல்லாம் சேர்த்து 640 வெள்ளி. 25 வெள்ளி எலிக்கா என்று சொந்தக்காரர்கள் கேட்டாகிவிட்டது, நீங்களும் கேட்க வேண்டாம்.

இனி அப்பா சொன்னதைக் கேளுங்கள். டாக்டர் சொன்னதை வீட்டில் விவரித்துக்கொண்டிருந்தேன். ஒரே மாதிரியான கட்டித் தீவனம்தான் எலிக்குச் சரி. எந்தக் கட்டியைக் கடித்தாலும் எல்லாச் சத்தும் ஒரே அளவில் இருக்கும், பொறுக்க வழியில்லை என்றேன். அப்பா காப்பியைக் கீழே வைத்துவிட்டு, "இது தெரியாதாடா உனக்கு? மருந்தையே கட்டியாத்தானே வச்சோம்" என்றார்.

தோட்டத்தில் எலி மருந்து என்பது உடைத்த சோளத்தையும் மருந்தையும் மெழுகில் சேர்த்து வார்த்த கட்டி. மரத்துக்கு ஒன்று. நாலு நாள் கழித்துப் போய்ப் பார்த்து, காணாமல் போன இடத்தில் மட்டும் மறுபடி வைப்பார்கள். அந்த மருந்து வார்ஃபரின், ரத்தத்தை உறையவிடாமல் செய்யும். உடனே கொல்லாது, அதனால் எந்தத் தீனியால் நோவு வந்தது என்று எலிக்குத் தெரியாது. எலியால் வாந்தி எடுக்கவும் முடியாது, உள்ளே போனது போனதுதான். "சோளம் தனியா, மருந்து தனியான்னு தூவினா அது சோளத்தைப் பொறுக்கிட்டுப் போய்க்கிட்டே இருக்கும். எலியைக் கொல்றவனுக்கே தெரியுது, வளக்கிறவனுக்குத் தெரியலையே" என்றார். இப்போது தோட்டத்தில் ஆந்தைப் பெட்டி நட்டு வைத்திருப்பதால் மருந்து வேலை குறைந்துவிட்டது என்று பேச்சு வேறு பக்கம் போனது. எனக்கு மனம் அந்த மருந்துக் கட்டியிலேயே நின்றுவிட்டது.

அடுத்த வாரச் சந்தைக்குக் கடை விரிக்கும் முன்பே போனேன். வேன் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே இரண்டு பெரிய மூட்டை. ஒன்றில் கிளிப் படம், ஒன்றில் முயல் படம். ஒரு பையன் பழைய பால்மாவு டின்னால் இரண்டிலிருந்தும் அள்ளி அந்தப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டிருந்தான். ஸ்டிக்கர் சுருள் பக்கத்திலேயே இருந்தது. படம் எடுத்துக்கொண்டு வியாபாரியிடம் கேட்டேன்.

"என்ன தம்பி, இதுதான் எலித் தீவனமா?"

"அண்ணே, எல்லாரும் இப்படித்தான் விக்கிறாங்க. எலி எதத்தான் திங்காது? சாக்கடையில கிடக்கிறதுங்க."

"ஒரு எலி செத்துப்போச்சு தம்பி."

"அதான் அன்னைக்கே சொன்னேன்ல, வேற ஏதும் போடாதீங்கன்னு. ஏதாச்சும் போட்டிருப்பீங்க."

இதுதான் எனக்கு எரிச்சல். காய்கறி போடாதே என்று அவரே சொல்லி, அதை நாங்கள் கேட்டு, கடைசியில் குற்றம் எங்கள் மேல். காசைத் திருப்பிக் கேட்டேன். ரசீது இருக்கா என்றார். அவர் யாருக்குத்தான் ரசீது கொடுத்தார்?

வீட்டுக்கு வந்து மிச்சம் இருந்த பையைத் தட்டில் கொட்டிப் பார்த்தேன். அடியில் கிடந்த கடலையில் சிலவற்றில் பச்சையாகப் பொடி, பூஞ்சண வாடை. நம் ஈரக் காற்றுக்குத் திறந்த மூட்டை எத்தனை நாள் தாங்கும்? கடலை, சோளத்தில் பிடிக்கும் ஒருவகைப் பூஞ்சணம் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும், ஈரலைத் தாக்கும். 1988இல் பேராக் மாநிலத்தில் லோ ஷி ஃபன் (அரிசி மாவு நூடுல்ஸ்) சாப்பிட்டு 13 பிள்ளைகள் இறந்தது என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும், அதில் கண்டுபிடித்ததும் இதே நஞ்சுதான். எங்கள் பையை யாரும் சோதிக்கவில்லை, அதனால் அதில் இருந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பூஞ்சணம் பிடித்த கடலையைப் பொறுக்கி எறிந்துவிட்டு மீதியைப் போடாதீர்கள், பையோடு எறியுங்கள்.

இப்போது ஹார்லிக்ஸுக்குக் கட்டித் தீவனம்தான். தயாரிப்பாளர் பெயர், காலாவதித் தேதி, புரதம், கொழுப்பு எல்லாம் அச்சடித்த பை. இணையத்தில் வரவழைக்கிறோம். தரகர் கை படாத, மூடி முத்திரையிட்ட பையாக இருந்தால் எந்தக் கம்பெனியும் பரவாயில்லை. ஒரு நாளைக்கு 15 முதல் 20 கிராம். போட்டது தீரும்வரை அடுத்தது கிடையாது. முதல் இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தது. எலி புதுத் தீனியைச் சந்தேகப்படும், அப்பா ஏற்கெனவே சொல்லிவிட்டார். மூன்றாம் நாள் தின்றது. அதோடு கொஞ்சம் சாவிக் கீரை (சீனக் கடுகுக் கீரை), பூசணி, கேரட், வாரத்துக்கு ஒரு தடவை அவித்த முட்டையில் கால்வாசி, உப்பில்லாமல் வேகவைத்த தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி) ஒரு துண்டு. பச்சையாக மொச்சை, பீன்ஸ் கூடாது, வேகவைத்துத்தான். ஆண் எலி வைத்திருப்பவர்கள் ஆரஞ்சுத் தோலை எட்ட வைக்கவும்: அதிலுள்ள லிமோனீன் ஆண் எலியின் சிறுநீரகத்தை மட்டும் கெடுக்குமாம், பெண் எலிக்கு அந்தச் சிக்கல் இல்லை. விநோதம்தான். சூரியகாந்தி விதை இப்போது கையில் ஊட்டும் மிட்டாய், நாளைக்கு ஒன்றோ இரண்டோ. அம்மா முறுக்குக் கொடுப்பதை மட்டும் இன்னும் நிறுத்த முடியவில்லை. எடை 345க்கு இறங்கியிருக்கிறது.

புகார் விஷயம். ரசீது இல்லை, ஆனால் கடைசி இரண்டு பைக்கு கியூஆர் வழியாகத்தான் பணம் கட்டினேன், அந்தப் பதிவு கைப்பேசியில் இருந்தது. வேன் படமும் இருந்தது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் இணையம் வழியே மனு போட்டேன். கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கோரலாம். நான் கேட்டது தீவனக் காசும் டாக்டர் செலவும்தான். டாக்டர் செலவு கிடைக்காது என்று மனைவி சொல்கிறாள், இருக்கலாம்.

அந்த எலி ஸ்டிக்கர் ஒட்டிய பை உங்கள் வீட்டில் இருந்தால் தூக்கிப் போடுவதற்கு முன் முன்னும் பின்னும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டிய பதிவையும் அழிக்க வேண்டாம். விசாரணைத் தேதி வந்ததும் எழுதுகிறேன்.