தாய்லாந்து டூரிஸ்ட் சிம்: வாங்குவது சுலபம், ஓடிபிதான் வில்லங்கம்

மீனம்பாக்கத்தில் ஏறினால் மூன்றரை மணி நேரத்தில் பாங்காக். சுவர்ணபூமியில் பெட்டியை எடுத்து வெளியே வந்ததுமே ஏஐஎஸ், ட்ரூ, டிடாக் எனும் மொபைல் நிறுவனங்களின் கவுன்டர்கள் கண்ணில் படும். ட்ரூவும் டிடாக்கும் 2023 மார்ச்சிலேயே இணைந்துவிட்டதால் பலகை எத்தனை இருந்தாலும் போட்டி இரண்டு பேருக்குத்தான். பாங்காக், பட்டாயா, புக்கெட் சுற்றுபவருக்கு இரண்டில் எதுவானாலும் போதும். வரிசை சின்னதாக இருக்கும் பக்கம் போங்கள்.

8 நாள் பேக் ஒரு காலத்தில் 299 பாட். அந்த விலையை இப்போது எதிர்பார்க்காதீர்கள். ஊருக்குள் செவன் இலெவன் கடைகளில் சாதா சிம் மலிவு, ஆனால் செட்டிங் எல்லாம் உங்கள் பாடு. எங்கே வாங்கினாலும் பாஸ்போர்ட் பதிவு கட்டாயம். ‘அன்லிமிடெட்’ என்ற சொல்லை மட்டும் நம்ப வேண்டாம்: முழு வேகத்தில் எத்தனை ஜிபி, அதன்பின் என்ன வேகம் என்று கேட்டுவிடுங்கள். கவுன்டரை விட்டு நகரும் முன் வைஃபையை அணைத்து ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஏஐஎஸ் என்றால் *545# அடித்தால் உங்கள் எண் வரும். அதை வீட்டுக்குச் சொல்லும்போது முதல் பூஜ்யத்தை எடுத்துவிட்டு +66 சேர்க்க வேண்டும்.

பலர் மாட்டிக்கொள்வது இதற்குப் பிறகுதான். நம்ம ஊர் சிம்மைக் கழற்றி பர்ஸில் போட்டால் வங்கி ஓடிபி வராது. சில யுபிஐ ஆப்கள் சிம்மைக் காணோம் என்று மறுபடி சரிபார்க்கச் சொல்லும். அதனால் இந்திய சிம் போனிலேயே இருக்கட்டும். அதன் டேட்டா ரோமிங்கை அணைத்து, டேட்டாவைத் தாய்லாந்து சிம்முக்கு மாற்றுங்கள். ஐபோனில் டேட்டா தானாக சிம் மாறும் வசதியையும் அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் பில் எகிறும். சர்வதேச ரோமிங்கைச் சென்னையிலேயே ஆன் செய்யுங்கள். ப்ரீபெய்டுக்குப் பெரும்பாலும் தனி ரோமிங் ரீசார்ஜ் தேவைப்படும். ரோமிங்கில் எஸ்எம்எஸ் வருவதற்குப் பொதுவாகக் காசு இல்லை. அழைப்பை எடுத்தால் உண்டு. ஹைப்ரிட் ஸ்லாட் (இரண்டாம் சிம்முக்கும் மெமரி கார்டுக்கும் ஒரே இடம்) போன் என்றால் மெமரி கார்டைத் தியாகம் செய்ய வேண்டியதுதான்.

இசிம், அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே ஏறும் சிம், வசதி உள்ள போனா (ஐபோனில் எக்ஸ்எஸ் முதல்)? எங்கள் ஓட்டு அதற்கே. வீட்டு வைஃபையில் விற்பவர் தரும் கியூஆரை ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டால் வரிசையில் நிற்க வேண்டாம். ஏற்றியதைத் தப்பித் தவறி அழித்தால் பல நிறுவனங்களின் கியூஆர் மறுபடி வேலை செய்யாது. பயண இசிம்கள் பெரும்பாலும் டேட்டா மட்டும்தான், தாய்லாந்து எண் கிடைக்காது. கிராப் (அங்கத்திய டாக்ஸி ஆப்) டிரைவரிடம் ஆப்பிலேயே பேசலாம், ஆனால் சுற்றுலா போலீஸின் 1155ஐ அழைக்கக் குரல் வசதியுள்ள சிம் வேண்டும். டிடிஏசி எனும் டிஜிட்டல் வருகை அட்டையையும் இறங்குவதற்கு 3 நாளுக்குள் இங்கிருந்தே நிரப்பி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

வேலைக்கோ படிப்புக்கோ போகிறவர்களுக்கு டூரிஸ்ட் சிம் தண்டம். ஊருக்குள் உள்ள ஷோரூமில் சாதா ப்ரீபெய்டு வாங்கி மாத பேக் போடுங்கள். டாப்-அப் விட்டுப்போனால் எண்ணே பறிபோகும். வங்கி ஆப்புக்குக் கணக்கும் சிம்மும் ஒரே பெயரில் இருக்க வேண்டும், நண்பர் பெயரில் வாங்கிய சிம் அங்கே செல்லாது.