பாலிஷ் பேடில் நிறம் ஒட்டினால் அது அழுக்கு இல்லை

என் காரின் பானெட்டில், முன் விளிம்பை ஒட்டி, உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்துப்போன திட்டு ஒன்று இருக்கிறது. அதன் ஓரத்தை நகத்தால் நெருடினால் மெல்லிய பிளாஸ்டிக் தாள் மாதிரி உரிந்து வருகிறது. எட்டு மாதத்துக்கு முன்னால் அந்தப் பானெட்டில் இருந்தது பறவை எச்சம் காய்ந்து மங்கிப்போன மூன்று புள்ளிகள் மட்டும்தான். ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவு. அவற்றைச் சரிசெய்யக் கொடுத்த இடத்தில்தான் இந்தத் திட்டுக்கு வழி போட்டார்கள். காசும் போய், காரும் கெட்டது. இதே வேலைக்கு வண்டியைக் கொடுக்க நினைப்பவர்கள், கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிட வேண்டும் என்றுதான் விரிவாக எழுதுகிறேன்.

கார் அடர் நீலம், ஆறு வருடம் ஓடியது. புள்ளிகளைத் தவிர இன்னும் இரண்டு குறைகள் இருந்தன. வெயிலில் நிறுத்தினால் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகத் தெரியும் மெல்லிய கீறல்கள் வண்டி முழுக்க. அப்புறம் இடது பின் கதவில் ஒரு விரல் நீளத்துக்கு ஆழமான கீறல், அதன் அடியில் சாம்பல் நிறம் தெரியும். பாலிஷ் கடை முதலாளி டியூப்லைட் வெளிச்சத்தில் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். எந்தக் கீறலையும் விரலால் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "ஒரே ரப்பிங்ல எல்லாம் போயிடும் சார், ஷோரூம்ல எடுத்த மாதிரி ஆயிடும்" என்றார். எச்சம் பட்ட புள்ளி, வலைக் கீறல், சாம்பல் தெரியும் கீறல், எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து. இவை மூன்றும் வேறு வேறு கோளாறு என்பது எனக்கு அன்று தெரியாது. தினமும் அதே வேலை செய்கிறவருக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

கார் பெயின்ட் என்று நாம் சொல்வது ஒரே பூச்சு இல்லை. தகட்டின் மேல் துருவைத் தடுக்க ஒரு அடிப்பூச்சு, அதற்கு மேல் நிறம் பிடிக்க உதவும் பிரைமர், அதற்கும் மேல்தான் நிறம், அதாவது பேஸ் கோட். கடைசியாக, நிறமே இல்லாத கிளியர் கோட். நாம் பார்த்து ரசிக்கிற பளபளப்பு முழுக்க இந்தக் கடைசி அடுக்கில்தான் இருக்கிறது. கம்பெனியில் அடித்த பெயின்ட்டில் எல்லா அடுக்கும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான் வரும். அதில் கிளியர் கோட்டின் பங்கு 35 முதல் 50 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமனே ஏறத்தாழ 70 மைக்ரான் இருக்கும். கையில் இருக்கிற கையிருப்பு எவ்வளவு குறைவு என்று இதிலிருந்தே தெரியும்.

ரப்பிங் செய்தால் கீறல் நிரம்புவதில்லை. கீறலின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியுள்ள கிளியர் கோட்டைத்தான் தேய்த்து இறக்குகிறார்கள். மேடும் பள்ளமும் ஒரே மட்டத்துக்கு வந்ததும் வெளிச்சம் சிதறாமல் திரும்புகிறது, கீறல் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. தேய்த்த அளவு போனதுதான், அது திரும்ப வளராது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் பொருளும் அந்தக் கிளியர் கோட்டுக்குள்தான் கலந்திருக்கிறது. அதை அளவுக்கு மேல் மெலிய வைத்தால் மிச்சமிருப்பது வெயிலில் வலுவிழந்து, வெளுத்து, உரியத் தொடங்கும். என் பானெட்டுக்கு நடந்தது இதுதான்.

வேலை நடக்கும்போது நான் அங்கேயே இருந்தேன். ஒரு பையன் பஃபிங் மெஷினில் கம்பளி பேடை மாட்டி, வெள்ளையாக இருந்த காம்பவுண்டை, அதாவது தேய்க்கும் பசையை, பானெட்டில் அள்ளிப் பூசி, முழு வேகத்தில் ஓட்டினான். மங்கிய புள்ளி ஒன்று விளிம்புக்குப் பக்கத்தில் இருந்தது. அது போகவில்லை என்று அதே இடத்திலேயே அழுத்திப் பிடித்துத் தேய்த்தான். மெஷினைத் தூக்கியபோது கம்பளி நுனிகளில் நீலம் ஏறியிருந்தது. தெறித்து விழுந்த காம்பவுண்டும் வெள்ளையாக இல்லை, வெளிர் நீலமாக இருந்தது. அருகில் போய்க் கையை வைத்தேன், தகடு சூடாகக் கொதித்தது. "என்னங்க, பேடில் கலர் வருது?" என்று கேட்டேன். முதலாளி திரும்பிக்கூடப் பார்க்காமல், "அது அழுக்கு சார், பல வருஷமா ஏறின அழுக்கு" என்றார்.

நிறமில்லாத கிளியர் கோட்டைத் தேய்த்தால் பேடில் நிறம் வரவே கூடாது. நிறம் வந்தால் கிளியர் கோட்டைத் தாண்டி பேஸ் கோட்டைத் தொட்டாயிற்று என்று அர்த்தம். இதற்கு ஒரே விதிவிலக்கு, கிளியர் கோட் இல்லாமல் நிறத்தையே மேல் பூச்சாக அடித்த பழைய பாணி வண்டிகள். அவற்றில் துணியில் நிறம் வருவது சாதாரணம். உங்கள் வண்டி எந்த வகை என்று வேலைக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கிளியர் கோட் உள்ள வண்டியாக இருந்து, பேடில் உங்கள் வண்டியின் நிறத்தைப் பார்த்தால், யார் என்ன சமாதானம் சொன்னாலும் மெஷினை அந்த நொடியே நிறுத்தச் சொல்லுங்கள். நான் நிறுத்தச் சொல்லாமல் விட்டதை நினைத்து இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

பொழுது சாய்ந்த பிறகுதான் வண்டியைக் கொடுத்தார்கள். டியூப்லைட் அடியில் முகம் பார்க்கலாம் போல மின்னியது. வலைக் கீறல் ஒன்றைக்கூடக் காணோம். கதவில் இருந்த ஆழமான கீறல்கூடப் பாதி மறைந்திருந்தது. சந்தோஷமாகக் காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை வெயிலில் பார்த்தபோது பானெட்டில் மெஷின் போன தடம் அலை அலையாகத் தெரிந்தது. நாம் நகர்ந்தால் அந்த அலையும் கூடவே நகரும். இதை ஹாலோகிராம் என்பார்கள். கம்பளி பேடால் வெட்டிவிட்டு, அடுத்து மென்மையான ஃபோம் பேடும் நைஸ் பாலிஷும் போட்டு அந்தத் தடத்தை எடுக்காமல் விட்டால் இப்படித்தான் வரும். இரண்டாவது முறை வண்டியைக் கழுவியதும் வலைக் கீறல்கள் பெரும்பாலும் திரும்பி வந்துவிட்டன. கதவுக் கீறல் பழையபடி சாம்பல் நிறத்தில் பல்லைக் காட்டியது. கடைசியில் அவர்கள் தடவியது எண்ணெயும் மெழுகும் கலந்த கிளேஸ். கீறலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு மறைக்கும், சில கழுவலில் கரைந்து போய்விடும். கிளேஸ் போடுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. "மறைத்துத் தருகிறேன்" என்று சொல்லிப் போட்டிருந்தால் அது வியாபாரம். "போக்கிவிட்டேன்" என்று சொல்லிப் போட்டது ஏமாற்று.

திரும்பப் போய்க் கேட்டதற்கு, நான் கழுவிய விதம் சரியில்லை என்று என் மேலேயே பழியைப் போட்டார்கள். அப்புறம், செராமிக் கோட்டிங் போட்டால் இனி கீறலே விழாது, 9எச் கடினம், கல்லால் கீறினாலும் ஒன்றும் ஆகாது என்று அடுத்த வியாபாரத்தை ஆரம்பித்தார்கள். அந்த 9எச் என்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. கல்லையும் மணலையும் தாங்கும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. கோட்டிங் ஒளி ஊடுருவும் மெல்லிய படலம்தான், அடியில் இருக்கும் கீறலையும் ஹாலோகிராமையும் அப்படியே உள்ளே வைத்துப் பூட்டிவிடும். நல்லவேளை, அதற்கு நான் சம்மதிக்கவில்லை.

ஆறாவது மாதம் விளிம்பு வெளுக்க ஆரம்பித்தது. தெரிந்தவர் ஒருவர் சொல்லி, பல வருடமாக ஸ்ப்ரே வேலை செய்யும் ஒரு பெரியவரிடம் போனேன். அவர் முதலில் வண்டியைக் கழுவ வைத்தார். பிறகு வெயிலுக்கு நகர்த்தச் சொல்லி, சின்னக் கருவி ஒன்றை எடுத்தார். பெயின்ட் தடிமன் அளக்கும் கேஜ். யாரும் தேய்க்காத கூரையில் வைத்தபோது 118 காட்டியது. பானெட்டின் நடுவில் 101. வெளுத்த விளிம்புக்குப் பக்கத்தில் 64. "தம்பி, இங்க கிளியரே இல்ல. இனிமே பாலிஷ் போட்டா பிரைமர்தான் வெளிய வரும்" என்றார். காசு வாங்கிக்கொண்டு இன்னொரு முறை தேய்த்துவிட அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அவர் அதைச் செய்யவில்லை.

கதவுக் கீறலில் அவர் நகத்தைக் குறுக்காக இழுத்துக் காட்டினார், டக்கென்று மாட்டியது. நகம் மாட்டினால் அது பாலிஷ் வேலை இல்லை என்றார். வலைக் கீறலின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார், ஈரத்தில் கீறல் மறைந்தது. அப்படி மறைந்தால் அது கிளியர் கோட்டின் மேலாக மட்டும் இருக்கிறது, பாலிஷுக்கு அடங்கும். பணம் கேட்பதற்கு முன்னால் இந்த இரண்டையும் செய்து காட்டாத ஆளிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

எச்சம் பட்ட புள்ளி ஏன் அவ்வளவு அடம் பிடித்தது என்பதையும் சொல்ல வேண்டும். வெயிலில் கிளியர் கோட் இளகி விரியும், மேலே எச்சம் காய்ந்து இறுகும். வண்டி ஆறும்போது காய்ந்த எச்சத்தின் சொரசொரப்பை அச்சு எடுத்த மாதிரி பெயின்ட் அப்படியே உறைந்துவிடும். அதனால்தான் துடைத்த பிறகும் அந்த இடம் மங்கித் தெரிகிறது. ஆழம் குறைவாக இருந்தால் மென்மையான பாலிஷிலேயே போய்விடும், ஆழமாக இருந்தால் ஓரளவு குறைத்துவிட்டு மிச்சத்தோடு வாழ்வதுதான் புத்திசாலித்தனம். என்னுடைய மூன்றில் இரண்டு முதல் வகை. மூன்றாவதை விட்டிருந்தால் ஒரு பொத்தான் அளவு மங்கலோடு போயிருக்கும்.

வேலை கொடுப்பதாக இருந்தால், முதலில் ஒரு சாண் இடத்தில் மட்டும், இருப்பதிலேயே மென்மையான பேடும் பாலிஷும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் போகவில்லை என்றால்தான் காம்பவுண்டுக்கு ஏற வேண்டும். பானெட் விளிம்பிலும் கதவின் மடிப்புக் கோட்டிலும் பெயின்ட் இயல்பாகவே மெல்லிசு, அங்கெல்லாம் டேப் ஒட்டச் சொல்லுங்கள். ஒரே அச்சில் சுற்றும் ரோட்டரி மெஷினைவிட, சுற்றிக்கொண்டே ஆடவும் செய்யும் டூயல் ஆக்‌ஷன் மெஷின் சூடு குறைவாக ஏற்றும், அனுபவம் இல்லாத கையில் சேதமும் குறைவு. பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண கேஜ் அளவு காட்டாது என்பதால் அங்கே இன்னும் கவனம் வேண்டும். முக்கியமாக, வேலை முடிந்த வண்டியைப் பகல் வெளிச்சத்தில் மட்டுமே திரும்ப வாங்குங்கள். வாங்குவதற்கு முன் தண்ணீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை மென்மையான துணியில் நனைத்து ஓர் இடத்தைத் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். கிளேஸ் இருந்தால் அங்கேயே கரைந்து கீறல் எழுந்து நிற்கும். நேர்மையாக வேலை செய்தவர் இதற்குத் தயங்க மாட்டார். வீட்டிலேயே பற்பசை வைத்துத் தேய்த்துக்கொள்ளலாம் என்பவர்கள் பேச்சையும் கேட்காதீர்கள், அதுவும் தேய்க்கிற பொருள்தான், எவ்வளவு தேய்கிறது என்ற கணக்கு நம் கையில் இருக்காது.

என் பானெட்டை இப்போது முழுதாகத் தேய்த்து இறக்கி, மறுபடி நிறமும் கிளியரும் அடிக்கப் போகிறார்கள். மெட்டாலிக் நீலம் என்பதால் பக்கத்து ஃபெண்டர்களிலும் (முன் சக்கரத்துக்கு மேல் உள்ள தகடுகள்) கொஞ்சம் நிறத்தைப் பரவவிட்டால்தான் வித்தியாசம் தெரியாது என்று பெரியவர் சொல்லியிருக்கிறார். அடித்து முடித்து நன்றாக இறுகும்வரை வாக்ஸ் எதுவும் போடக் கூடாதாம். கதவுக் கீறலுக்கு, கதவோர ஸ்டிக்கரில் இருக்கும் கலர் குறியீட்டைப் பார்த்து வாங்கிய டச்-அப் பெயின்ட்டை மெல்லிய தூரிகையால் அவரே இரண்டு தடவை வைத்துவிட்டார். கிட்டத்தில் குனிந்து பார்த்தால் தெரிகிறது, நாலடி தள்ளி நின்றால் தெரியவில்லை. அந்தப் பக்கம் மெஷினே வைக்கவில்லை.