இழுப்பறையா, டிவி ஸ்டாண்டா, நாடாக் கட்டிலா?

வீட்டில் பதினெட்டு கிலோ நாட்டு நாய் ஒன்று, பூனை ஒன்று. காயலான் கடைக்குப் போக வேண்டிய சாமான்கள் மூன்று: பாட்டியின் மேசையிலிருந்து கழன்ற தேக்கு இழுப்பறை, பெட்டி டிவி காலத்து ஸ்டாண்ட், இரும்புச் சட்டத்தில் நைலான் நாடா பின்னிய கட்டில். மூன்றையும் படுக்கையாக்கிப் பார்த்தேன்.

கண்ணுக்கு அழகு என்றால் டிவி ஸ்டாண்ட்தான். கதவைக் கழற்றி மெத்தை போட்டால் குட்டிக் குகை. ஆனால் அந்தப் பலகை மரத்தூளைப் பசை போட்டு அழுத்தியது. நாய் ஒரே ஒரு தரம் மூத்திரம் போனதில் மூலை ஊறிய ரஸ்க் மாதிரி உப்பிவிட்டது. அப்புறம் உண்ணி. வீட்டுக்குள் பெருகும் பழுப்பு உண்ணி நாயின் மேல் முட்டை இடாது. கீழே இறங்கி, இண்டு இடுக்கு பார்த்து ஆயிரக்கணக்கில் இட்டு வைக்கும். ஸ்டாண்டின் பின்பலகை இடுக்கு அதற்கென்றே கட்டிய பிரசவ அறை.

நாடாக் கட்டிலில் அந்தத் தொல்லை குறைவு. வெல்டிங் பட்டறையில் கால்களை அரை அடிக்கு வெட்டி, ரப்பர் புஷ் மாட்டினேன். புஷ் கட்டாயம், இல்லாவிட்டால் குழாய் ஓட்டையிலும் உண்ணி புகும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். சித்திரை வெயிலில் நுரை மெத்தை போட்டால் எழுந்துபோய் சமையலறைத் தரையில் படுக்கிறது. நாடாவில் அடியிலிருந்தும் காற்று வரும். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவி வெயிலில் சாய்த்தால் வேலை முடிந்தது. படுக்குமுன் பறண்டுகிற நாய் என்றால் நாடா பிய்யும், சரி, மறுபடி பின்னிக்கொள்ளலாம். மூட்டு வலி வந்த கிழ நாய்க்கு மட்டும் இது வேண்டாம்.

இழுப்பறையில் நாய் ஏறிப் பார்த்தது, காலை நீட்ட முடியாமல் இறங்கிவிட்டது. மூக்கு முதல் வாலின் தொடக்கம் வரை அளந்து, மேலே முக்கால் அடியாவது சேர்க்க வேண்டும். பூனைக்கோ நாலு பக்கமும் சுவர் இருக்கிற இடம்தான் பிடிக்கும். அன்றைக்கே குடியேறப் பார்த்தது. நான்தான் விடவில்லை. பாட்டி போட்டுவைத்த பாச்சை உருண்டை வாசம் இன்னும் இருந்தது. அது பூனைக்கும் நாய்க்கும் விஷம். இழுப்பறை ஒரு வாரம் வெயிலில் காய்ந்தது. பினாயிலும் ஊற்றக் கூடாது, அதிலுள்ள ஃபீனால் வகைகளை பூனையின் ஈரலால் சரியாக முறிக்க முடியாது.

பெயிண்ட் அடித்த சாமான் என்றால் இன்னொரு கவனம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்மை, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தூசி நம் மூச்சுக்குள்ளும் போகும். என்னுடையது வெறும் வார்னிஷ், தப்பித்தேன்.

விரிப்புக்கு இலவம் பஞ்சு நனைந்தால் கட்டி தட்டும். பழைய பருத்தி வேட்டியை நாலாக மடித்துத் தைத்தேன், இரண்டு படுக்கைக்கும் அதுதான்.

ஸ்டாண்ட் காயலான் கடைக்கே போனது. பலகையை எடை போட மாட்டேன் என்று சொல்லி, கடைக்காரர் கீல்களை மட்டும் கழற்றிக்கொண்டார்.