ஓவியம் படிக்கப் போகும் பிள்ளைகளுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கடை

பிளஸ் டூ முடிவு வந்து, கவின் கலைக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்ட கையோடு பெற்றோர்கள் என்னிடம் கேட்பது இரண்டு கேள்விகள். என்னென்ன வாங்க வேண்டும்? எங்கே வாங்க வேண்டும்? நான் எழும்பூர் அரசு கவின் கலைக் கல்லூரியில் ஓவியம் படித்தவள். இப்போது சேலத்தில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியை. முதல் கேள்விக்கு ஆளுக்குத் தகுந்தபடி பதில் மாறும். இரண்டாவதற்கு என் பதில் ஒன்றுதான்: செவ்வாய்ப்பேட்டையில், வெள்ளிப் பட்டறைகளை ஒட்டிய சந்துக்குள் இருக்கும் அந்தப் பழைய கடை.

காரணம், அங்கே எல்லாமே ஒற்றையாகக் கிடைக்கும். ஒரு தாள், ஒரு டியூப், ஒரு பென்சில், ஒரு கரித்துண்டு. முழுத் தாள் வாங்கக் காசில்லை என்றால் கால் தாள் கேட்கலாம். முகம் சுளிக்காமல் கொடுப்பார்கள். வசதியான வீட்டில் இது பெரிதாகத் தெரியாது. அம்மாப்பேட்டையில் தறி ஓட்டும் வீட்டிலிருந்தும் ஓமலூர்ப் பக்கம் கூலி வேலைக்குப் போகும் வீட்டிலிருந்தும் ஓவியம் படிக்கக் கிளம்பும் பிள்ளைக்கு இதுதான் பெரிய விஷயம். கவின் கலை இளங்கலைப் பட்டமான பி.எஃப்.ஏ. நான்கு ஆண்டுப் படிப்பு. அரசுக் கல்லூரியில் கட்டணம் அவ்வளவு சுமையில்லை. தாளும் வண்ணமும்தான் நான்கு ஆண்டும் கையைக் கடிக்கும். என்னோடு படித்தவர்களில், தாள் தீர்ந்துவிடுமே என்ற பயத்தில் எதையும் உள்ளங்கை அளவுக்கே வரைந்து பழகியவர்கள் உண்டு. பிறகு நல்ல தாள் கிடைத்தும் அவர்களுடைய கை விரியவில்லை. திறமையில் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. கலைக்குச் செலவழிக்கக் காசு தேடுவது புதிதும் இல்லை. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு சேர்ந்த ஓவியர்களும் 1966-ல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது, மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றுத்தான் ஓவியம் வரைந்தார்கள்.

கடையை வெளியிலிருந்து பார்த்தால் நோட்டுப் புத்தகக் கடை மாதிரிதான் இருக்கும். பெயர்ப்பலகை மங்கிவிட்டது, ஸ்டேஷனரி என்ற சொல் மட்டும் படிக்க வரும். உள்ளே இடது பக்கம் பள்ளிக்கூடச் சாமான்கள். வலது பக்கம் முழுக்கத் தட்டையான மர இழுப்பறைகள், தாள் எல்லாம் அவற்றில் படுக்கை வாட்டில். கொலுசுக்கு டிசைன் போடுகிறவர்கள் டிரேசிங் தாளுக்கும் பூஜ்ஜிய நம்பர் பிரஷுக்கும் இங்கேதான் வருகிறார்கள். பூ வேலைப்பாடு நெய்யும் ஜக்கார்டு தறிக்குக் கட்டத் தாளில் டிசைன் வரைந்த காலத்தில் அந்தத் தாள் கட்டுக் கட்டாகப் போகுமாம். இப்போது அந்த வேலை கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. ஆனாலும் ஓர் இழுப்பறையில் மிச்சத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறார் கடைப் பெரியவர். தாளையும் பிரஷையும் பற்றி அவருக்கு இத்தனை தெரிவது புத்தகம் படித்து வந்ததில்லை. கைவேலைக்காரர்கள் வந்து குறை சொல்லச் சொல்ல, கேட்டுக் கேட்டு வந்தது.

அண்மையில் ஒரு மாணவனையும் அவன் அம்மாவையும் அங்கே அழைத்துப் போயிருந்தேன். நீர்வண்ணத்துக்குத் தாள் வேண்டும் என்றதும் பெரியவர் உடனே எதையும் விற்கவில்லை. துண்டுத் தாள்கள் போட்டுவைக்கும் டப்பாவிலிருந்து மூன்று பட்டைகளை எடுத்தார். ஒன்று கார்ட்ரிட்ஜ் என்கிற சாதாரண வரைதாள். இரண்டாவது மரக்கூழில் செய்த 300 ஜி.எஸ்.எம். தாள், அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை. மூன்றாவது அதே கனத்தில் முழுப் பருத்தித் தாள். மூன்றையும் தண்ணீரால் நனைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு நீலம் விட்டார். கார்ட்ரிட்ஜ் உடனே அலை அலையாக எழும்பியது. நீலம் விட்ட இடத்திலேயே உள்ளே இறங்கி மங்கியது. கூழ்த் தாளில் நிறம் பளிச்சென்று மேலேயே நின்றது. ஆனால் ஓரம் சீக்கிரம் காய்ந்து கோடு கட்டியது. பருத்தித் தாளில் நீலம் மெதுவாகப் பரவி, எங்கே முடிந்தது என்று தெரியாமல் முடிந்தது. பிறகு ஈர பிரஷால் மூன்றையும் அழுத்தித் தேய்க்கச் சொல்லி மாணவன் கையில் கொடுத்தார். கார்ட்ரிட்ஜ் நூல் நூலாக உரிந்து வந்தது. பருத்தித் தாள் அசையவில்லை.

"இதில் விலை குறைந்தது எது ஐயா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"தினப் பயிற்சிக்கு அந்தக் கார்ட்ரிட்ஜே போதும் தாயி. பென்சில் வேலை முழுக்க அதில் செய்யட்டும். வண்ணத்துக்குக் கூழ்த் தாள். நன்றாக வந்த படத்தைத் திரும்பப் போடும்போது மட்டும் பருத்தியில் கால் தாள்" என்றார். பையனிடம் திரும்பி, "பயந்து பயந்து வரையாதே கண்ணு, தாள் இருக்கிறது" என்றார்.

பருத்தித் தாள் முழுசாக வாங்கினால் 400 ரூபாய்க்கு மேல். 22-க்கு 30 அங்குலம். நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 11-க்கு 15. கத்தரிக்கோல் வைப்பதில்லை. மடித்து, மடிப்பு நீவும் மழுங்கலான எலும்புக் கத்தியால் மடிப்பை முன்னும் பின்னும் நீவி, இரும்பு ஸ்கேலை அழுத்திக்கொண்டு கிழிக்கிறார். ஓரம் இழை இழையாக, தாளின் இயல்பான விளிம்போடு ஒத்துப் போகிறது.

தாளின் குணத்தை முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் ஏற்காட்டுக்கு எடுத்துப் போங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி 1,500 மீட்டர் உயரத்துக்குப் போய்விட்டால், கீழே சேலத்தில் நொடியில் காயும் வண்ணம் மேலே மூடுபனியில் காயவே மறுக்கும். சேலத்து வெயிலில் கூழ்த் தாளில் வானம் போடுவது பெரும்பாடு. ஒரு பக்கம் முடிப்பதற்குள் மறுபக்கம் காய்ந்துவிடும். ஏற்காட்டில் அதே தாள் நன்றாகவே ஒத்துழைக்கிறது. லேடீஸ் சீட் என்கிற காட்சிமுனையில் உட்கார்ந்து பார்த்தால் கீழே சேலம் நகரமும், வானம் தெளிவாக இருந்தால் மேட்டூர் நீர்த்தேக்கமும் தெரியும். அந்தத் தூரத்துச் சாம்பல் நிறத்துக்குக் கறுப்பு டியூப் தேவையே இல்லை. அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் போதும். நீலம் தூக்கலாக இருந்தால் பனி, பழுப்பு தூக்கலாக இருந்தால் பாறை.

வண்ணத்துக்கு வருகிறேன். இங்குதான் பெற்றோர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். இணையத்தில் 24, 36 என்று வண்ணங்கள் அடுக்கிய மரப்பெட்டி பார்க்க அழகாக இருக்கும். பிறந்தநாள் பரிசாக வாங்கிக் கொடுக்கலாம். கல்லூரிக்கு அது உதவாது. விலை மலிவான செட்டில் நிறமி குறைவு, நிரப்புப் பொருள் அதிகம். ஈரத்தில் நன்றாகத் தெரியும் நிறம் காய்ந்ததும் சுண்ணாம்பு பூசினாற்போல் வெளிறும். இந்தக் கடையில் ஆறு டியூப் கேளுங்கள்: லெமன் மஞ்சள், எல்லோ ஓக்கர், ஒரு ரோஸ், அல்ட்ராமரின், தாலோ நீலம், பர்ன்ட் சியன்னா. முதலாண்டு முழுவதும் இதில் ஓட்டிவிடலாம். டியூபின் பின்னால் சிறிய எழுத்தில் நிறமியின் குறியீடு இருக்கும். பி.பி. 29 என்றால் அல்ட்ராமரின்; எந்த கம்பெனி செய்தாலும் அதே எண்தான். பெயருக்குப் பக்கத்தில் ஹ்யூ என்று அச்சிட்டிருந்தால் அசல் நிறமிக்குப் பதில் வேறொன்று போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். அலிசரின் கிரிம்சன் கேட்டால் பெரியவர் எடுத்து வைப்பார், கூடவே தடுக்கவும் செய்வார். பி.ஆர். 83 எண்ணுள்ள அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் நாளடைவில் வெளிறும். அதற்கு மாற்றாக பி.வி. 19 எண்ணுள்ள ரோஸைக் காட்டுவார். லாபம் அவருக்கு இரண்டிலும் ஒன்றுதான். சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறார்.

பிரஷ் வாங்கும்போது தண்ணீர் கேளுங்கள். புது பிரஷின் நுனி கூராகத் தெரிவது அதன் தரத்தினால் அல்ல. வடிவம் கலையாமல் இருக்கப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். கிண்ணத்தில் அலசிப் பசையைப் போக்கி, ஒரு முறை உதறிப் பார்க்க வேண்டும். தானாக ஒரு முனைக்கு வந்து சேர்ந்தால் வாங்கலாம், இரண்டாகப் பிளந்தால் வேண்டாம். இதைச் செய்துபார்க்க விடும் கடை சேலத்தில் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். எட்டாம் நம்பர் வட்ட பிரஷ் ஒன்று நல்லதாக இருந்தால் மூன்று சின்ன பிரஷ்களின் வேலையைச் செய்யும்.

பென்சில், கரி பற்றிக் குறையே இல்லை. 2பி, 4பி, 6பி ஒவ்வொன்றும், நாலைந்து கரிக்குச்சி, பிசைகிற ரப்பர், இவ்வளவே போதும். நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: இவற்றை எடுத்துக்கொண்டு தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்குப் போங்கள். ராமன் வாலி மீது அம்பு விடும் சிற்பம் அங்கே இருக்கிறது. ராமன் நிற்கும் தூணிலிருந்து பார்த்தால் வாலி தெரிவான். வாலி இருக்கும் தூணிலிருந்து ராமனைப் பார்க்க முடியாது. இரண்டு இடத்திலும் உட்கார்ந்து வரைந்து பாருங்கள். பார்வைக் கோணம் என்றால் என்ன என்பதை அந்தச் சிற்பிகளைவிடத் தெளிவாக யாரும் சொல்லித் தர முடியாது.

ஆனால் தைல வண்ணத்துக்கு இந்தக் கடையை நம்ப வேண்டாம். லின்சீட் எண்ணெயும் டர்பெண்டைனும் கிடைக்கும். சட்டத்தில் அடித்து வைத்திருக்கும் கேன்வாஸ் தரமில்லை. சட்டம் கோணியிருக்கிறது, மூலையில் ஆப்பு வைத்து இறுக்க வழியில்லை. துணியின் மேல் பூச்சு மிக மெல்லிசு. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஊசிக் கண்ணாகத் தெரிகிறது. அதன் வழியாக எண்ணெய் துணிக்குள் இறங்கினால் காலப்போக்கில் நூல் இற்றுப்போகும். பெரியவரிடமே இதைச் சொன்னேன். வருகிற சரக்கு அப்படித்தான் இருக்கிறது என்று வருத்தப்பட்டார். தறி ஊரில் இருந்துகொண்டு இதற்காக நாம் கலங்க வேண்டியதில்லை. கனமான காடாத் துணி வாங்கி, தச்சரிடம் சட்டம் செய்து, இழுத்து அடித்து, வண்ணத்துக்கு அடிப்பூச்சான பிரைமரை மூன்று முறை பூசி ஒவ்வொரு முறையும் உப்புத்தாளால் தேய்த்தால் கடைக் கேன்வாஸைவிட உறுதியாக வரும். பிரைமர் இந்தக் கடையிலேயே இருக்கிறது.

இன்னொரு குறையும் சொல்லியாக வேண்டும். பெரியவர் இல்லாத நேரத்தில் கடை வேறு கடையாகிவிடுகிறது. கல்லாவில் இருக்கும் இளைஞருக்கு இழுப்பறைகளில் என்ன இருக்கிறதென்றே தெரிவதில்லை; எதைக் கேட்டாலும் மேலே அடுக்கியிருக்கும் செட்டைத்தான் எடுத்துக் காட்டுகிறார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போகாதீர்கள். ஜூன் மாதத் தொடக்கத்தில் நோட்டு வாங்கும் கூட்டம் வாசல்வரை நிற்கும். அப்போது தாளை நனைத்துக் காட்டச் சொல்லிக் கேட்கவே மனம் வராது. சந்தில் சரக்கு வண்டிகள் நிற்பதால் கார் நுழையாது. டியூப்களை வாங்கும் முன் லேசாக அழுத்திப் பாருங்கள். மெதுவாக விற்கும் நிறங்களில் சில, உள்ளே இறுகிப் போயிருக்கின்றன. கொண்டுபோய்க் காட்டினால் மாற்றிக் கொடுக்கிறார், பில் கேட்பதில்லை.

வெளியூருக்குப் போகிறவர்களுக்கு அவர் கட்டித் தரும் விதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். இணையத்தில் வரவழைத்த தாள் மூலை நசுங்கி வந்ததைப் பல பிள்ளைகள் என்னிடம் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். இவர் கால் தாள்களை இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே வைத்து நாலு பக்கமும் நூல் கட்டுகிறார். முழுத் தாள் என்றால் அகலமான பி.வி.சி. குழாய்த் துண்டில் தளர்வாகச் சுருட்டிப் போட்டு, இரு வாயையும் துணியால் அடைக்கிறார். குழாய்க்கும் அட்டைக்கும் காசு வாங்குவதில்லை. இரவு ரயிலில் சேலத்தில் ஏறி எழும்பூரில் இறங்கினால், 1850-ல் தொடங்கிய அந்தக் கல்லூரிக்கு நடந்தே போய்விடலாம். தாளில் ஒரு மடிப்பு விழாது.

சிற்பம் எடுக்கிறவர்களுக்கு இங்கே எதுவும் இல்லை. அச்சுக்கலைக்கான லினோ என்கிற செதுக்கு விரிப்பும் மையும் செதுக்கு உளியும் கேட்டிருந்தேன். ஒருவருக்காக வரவழைத்தால் கட்டுப்படியாகாது, ஐந்து பேராவது சேர்ந்தால் வாங்கி வைக்கிறேன் என்கிறார். அச்சுக்கலை எடுக்க நினைக்கும் பிள்ளைகள் சேலத்தில் இருந்தால் கடையில் பெயர் கொடுத்து வையுங்கள். என் மாணவர்கள் இரண்டு பேரின் பெயர் அங்கே ஏற்கெனவே இருக்கிறது.