ரிச்சி ஸ்ட்ரீட்டில் ராம் போட்டேன், வாரண்டி போச்சா?

கடைக்கு 5க்கு 4. ஒரு மதிப்பெண்ணைக் குறைத்ததற்குக் காரணம் அவர்கள் தந்த பில். அதைப் பிறகு சொல்கிறேன்.

என் தொழில் ஜிஎஸ்டி கணக்கு. 2023 தீபாவளிக்கு வாங்கிய லேப்டாப்பில் 8 ஜிபி ராம் (வேலை நடக்கும்போது பயன்படும் மெமரி), 256 ஜிபி எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமிக்கிற டிரைவ்). கணக்கு எழுதும் டேலியும் எக்செலும் குரோமும் ஒன்றாகத் திறந்தால் மூச்சு வாங்கும். அடுத்த ஆடியில் அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நடந்தேன். சந்துக்குள் மாடிப்படி ஏறிப் போகிற சின்னக் கடை.

வேலை பார்த்த பையனுக்கு இருபது வயதுதான் இருக்கும். ஒரு வெள்ளைத்தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றிய ஸ்க்ரூக்களை அந்தந்த இடத்திலேயே வைத்தான். கீல் பக்கத்து ஸ்க்ரூ ரெண்டும் நீளம், மாற்றிப் போட்டால் மேலே குத்திவிடுமாம். ஒரு ஸ்க்ரூவின் மேல் கம்பெனி ஸ்டிக்கர் இருந்தது. "இது கிழியும் சார், பரவாயில்லையா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொட்டான். மூடியைத் திறந்ததும் முதல் வேலையாக பேட்டரி கனெக்டரைப் பிடுங்கினான். காலியாக இருந்த ஸ்லாட்டில் 8 ஜிபி, பழைய எஸ்எஸ்டிக்குப் பதில் 1 டிபி. கூலி 300 ரூபாய்.

பழைய எஸ்எஸ்டியை எக்ஸ்சேஞ்சுக்குத் தாங்க என்று பக்கத்துக் கடைக்காரர் தூண்டில் போட்டார். பையன் விடவில்லை. "வச்சுக்கங்க சார். வாரண்டிக்குப் போனா இதைத்தான் மாட்டிக் கொண்டுபோகணும்."

அக்டோபர் 18 அன்று நம்பர் பேடில் 5 செத்தது. 3பி என்கிற மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்னைத் தாக்கல் செய்யக் கடைசி நாள் 20. ஆன்ஸ்கிரீன் கீபோர்டில் மவுஸால் 5, 5 என்று குத்தியே ஒப்பேற்றிவிட்டு, 21ஆம் தேதி சர்வீஸ் சென்டருக்குப் போனேன். (எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள்.) கவுண்டரில் இருந்தவர் லேப்டாப்பைக் கவிழ்த்துப் பார்த்தார், கிழிந்த ஸ்டிக்கரைக் காட்டினார், "வாரண்டி வாய்ட் சார்" என்றார். கீபோர்டு தனியாக வராதாம், மேல் மூடியோடு சேர்த்து 7,000 ரூபாயாம்.

நல்லவேளை, ராம் வாங்கும் முன்பே கஸ்டமர் கேருக்கு ஒரு மெயில் போட்டிருந்தேன். ராமும் எஸ்எஸ்டியும் நீங்களே மாற்றலாம், மாற்றும்போது ஏதாவது உடைந்தால் அதற்கு மட்டும் வாரண்டி கிடையாது என்று பதில் வந்திருந்தது. அதைக் காட்டினேன். ராம் போட்டதற்கும் 5 செத்ததற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அவர் ஸ்டிக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் இந்த ஸ்டிக்கர் கதை செல்லாது, 2018இல் அங்கே எஃப்டிசி என்கிற மத்திய வர்த்தக ஆணையம் ஆறு கம்பெனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதமே அனுப்பியது. அதையெல்லாம் அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? "1915க்குப் போன் பண்ணிக் கேட்கவா?" என்றேன். நுகர்வோர் உதவி எண் என்று தெரிந்திருக்கும் போல, குரல் இறங்கியது. ஒரிஜினல் பார்ட்ஸோடு கொண்டு வாங்க, பார்க்கிறோம் என்றார்.

மறுபடி ரிச்சி ஸ்ட்ரீட். பையன் புது ராமைக் கழற்றி, பழைய எஸ்எஸ்டியை மாட்டித் தர இருபது நிமிடம். காசு வேண்டாம் என்றுவிட்டான். இதில் எனக்கு இன்னொரு லாபமும் இருந்தது: வாடிக்கையாளர்களின் கணக்கெல்லாம் இருக்கிற புது எஸ்எஸ்டி என் பையிலேயே இருந்தது, சர்வீஸ் சென்டர் மேசைக்குப் போகவில்லை. ஆறாவது நாள் கீபோர்டு மாறி வந்தது. செலவு பூஜ்யம்.

இப்போது பில். "ராம் 1, எஸ்எஸ்டி 1" என்று மட்டும் எழுதித் தந்திருந்தார்கள். புதிதாகப் போட்ட பொருளுக்கு லேப்டாப் கம்பெனி பொறுப்பில்லை, அந்தந்தத் தயாரிப்பாளரிடம்தான் போக வேண்டும், அங்கே சீரியல் நம்பர் கேட்பார்கள். நான் இரண்டாவது தடவை கேட்ட பிறகுதான் முதலாளி நம்பரைப் பில்லில் எழுதிக் கொடுத்தார். கணக்குப் பார்க்கிறவனிடமே இந்தப் பில்லா!

புது ராமைத் திரும்ப மாட்ட மூன்றாவது தடவை போனபோது பையன் தாளை வரைந்து ஸ்க்ரூக்களை வைத்தான். ஒரு இடம் காலி. சர்வீஸ் சென்டர்காரர்கள் தொலைத்திருக்கிறார்கள். டப்பாவைக் கிளறி ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டான்.